மூன்றாங்கட்டில் டெபியன்

புதுவயல் ரைஸ்மில்லின் எடைமேடையில்
ராத்திரி ஷிப்ட் எனக்கு.
லேப்டாப் செத்தது வைகாசியில்.
தவிட்டுத் தூசி என்றார் கடைக்காரர்,
திறந்து, ஊதி,
மறுபடி ஊதி.
சரிபண்ண ஒன்பதாயிரம்.

மிச்சம் இந்த போன்தான்.
இடது மூலையில் விரிசல், மூன்று ஜிபி ராம்.
அன்றன்றைய நெட்டு தீர்ந்தால்
நள்ளிரவில்தான் மறுபடி சுரக்கும்.
பன்னிரண்டு ஒன்றுக்கு டெபியனை இறக்கத் தொடங்கினேன்.
பாதியில் நின்றது.
மறுநாள் பன்னிரண்டு ஒன்றுக்கு மீதி.
ஒயரில் மாட்டிய கீபோர்டில் எல் எழுத்துக்கு மூடி இல்லை.
நகத்தால் குத்துகிறேன்.

குடியிருப்பது கோட்டையூரில்,
ஒரு பெரிய வீட்டின் மூன்றாங்கட்டில்.
முகப்பு ஒரு தெருவில்,
என் கதவு அடுத்த தெருவில்.
நடுவே எத்தனை அறை என்று
வாடகை வாங்க வரும் பெரியகருப்பனுக்கே தெரியாது.
பங்காளிகள் பதினேழு பேர்.
ஒரு ஆணி அடிக்கலாமா என்று கேட்டேன்.
பதினாறு பேர் சரி என்றார்கள்.
ஒருவர் ஈப்போவில்.
பதில் வரவில்லை.
துப்பட்டா ஜன்னல் கம்பியிலேயே தொங்குகிறது.

அதனால் போனின் சங்கதி எனக்குப் புதிதில்லை.
டெபியனுக்குள் நின்று ‘நான் யார்’ என்று கேட்டால்
ரூட் என்கிறது.
எல்லாச் சாவியும் இடுப்பில் செருகிய ஆள்.
ஒரு படி வெளியே வந்து அதையே கேட்டால்
எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு பேர்,
கரண்டு மீட்டர் நம்பர் மாதிரி.
கேமராவைத் தொட அனுமதி,
படங்களைத் தொட அனுமதி.
உள்ளே மட்டும் ராஜாங்கம்.
பொய்தான்.
ஆனால் அந்தப் பொய்க்குள் போட்ட கணக்கு
சரியாக வருகிறது.

எண்பது வரி பைத்தான்.
மொத்த எடையில் வண்டியைக் கழித்து
சாக்கைக் கழித்து
ஈரத்துக்கும் கொஞ்சம் கழிக்கும்.
எழுத இருபது நாள்.

நேற்று இரண்டரை மணிக்கு
செபஸ்தியான் அண்ணன் லாரி மேடை ஏறும்போது
முதலாளி கூப்பிட்டார்.
‘தூங்கிட்டியா?’
‘இல்லங்கய்யா.’
வைத்துவிட்டுப் பார்த்தால்
கறுப்புத் திரையில் ஒற்றை வரி.
சிக்னல் ஒன்பது.
வீட்டுக்கார ஆண்ட்ராய்டு கொன்றுவிட்டிருந்தது.
பின்கட்டில் யாராவது நடமாடினால் அதற்கு ஆகாது.
பேட்டரி மிச்சம் என்று நியாயம் வேறு.

அண்ணன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.
‘என்னம்மா, கறுப்பா இருக்கு?’
‘உள்ள கரண்டு போயிருச்சுண்ணே.’
‘உள்ளயா?’
அண்ணாந்து மில் விளக்கைப் பார்த்தார்.
எரிந்துகொண்டிருந்தது.

எண்டர்.
முதலில் இருந்து நுழைந்தேன்.
ஒவ்வொரு எடையையும் உடனுக்குடன் கோப்பில் எழுது என்று
அந்த இருபது நாளில் என்றோ சொல்லி வைத்திருக்கிறேன்,
எப்போது, ஏன், நினைவில்லை.
முப்பத்தொரு வண்டியும் இருந்தன.
அவருடையது மட்டும் இல்லை.
‘திரும்ப ஏத்தவா?’
‘ஏத்துங்கண்ணே.’
சிவப்பு எண்கள் நடுங்கி நின்றன.
இருபத்தேழாயிரத்து நானூற்று அறுபது.

காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து
ஆணி அடித்தேன்.
ஈப்போவில் அப்போது பத்தரை.
முதல் ஆணி வளைந்தது,
சுண்ணாம்பு அப்படி.
இரண்டாவது அரை அங்குலம் இறங்கியிருக்கிறது.
துப்பட்டாவைத் தாங்கும்.