அளவுப் புத்தகம்

மல்லாகம். ஸ்டேசனுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கை.
தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டுகிறோம்.
அகலம் இரண்டடி, ஆழம் மூன்றரை.
எழுதி வைப்பது என் வேலை.

ஒன்றரை அடிக்குக் கீழே முழுக்கக் கல்.
கடல் எப்போதோ மறந்துவிட்டுப் போனது,
உடைத்தால் உள்ளே சிப்பியின் அச்சு.
இயந்திரம் கடித்துக் கடித்துப் பல் தேய்கிறது.
நாளுக்கு நாற்பதடி.
நல்ல நாளென்றால் ஐம்பது.

பதினோராம் நாள்
ஒழுங்கையை அகட்டியபோது விழுங்கிய ஒரு வளவின் ஓரத்தில்
வாளி ஒரேயடியாய் உள்ளே போனது,
பாணுக்குள் கத்தி போல.

நிசங்க இயந்திரத்தை நிறுத்தினார்.
குருநாகல்காரர். ஐம்பது வயதிருக்கும்.
சோற்றுக்கும் டீசலுக்கும் காணுமான தமிழ்.
இறங்கி வந்து விளிம்பில் குந்தினார்.
இரு பக்கமும் வெள்ளைக் கல்,
நடுவே ஓடுகிறது சிவப்பு மண்,
ஓடிப் போய்ச் சட்டென்று திரும்புகிறது.
"பங்கர்," என்றார்,
நான் சொல்ல முன்னமே.

ஏன் திரும்ப வேண்டும்?
செல் துண்டு நேராகத்தான் வரும்,
மூலை முடக்கு அதற்குத் தெரியாது.
வாசலில் விழுந்தது வாசலோடு நிற்கட்டும் என்று
'ட' போல வெட்டினார்கள்.
படம், பட்டம் என்று சிலேற்றில் எழுதிப் பழகிய பிறகு
நாங்கள் உள்ளே போய் இருந்த எழுத்து.

மதிலுக்கு மேலால் ஞானசோதி அக்காவின் தலை.
"உது திரவியநாயகம் ஆக்களின்ர.
பதினெட்டு நாள் வெட்டினவை, அலவாங்கு மூண்டு வளைஞ்சது.
எங்கட பங்கருக்குள்ள மாரிக்குத் தவளை.
அதால நாங்களும் இஞ்சதான் ஓடி வாறது,
ஒன்பது பேர், ஒரு சூட்கேஸ்.
மேல தண்டவாளம் நாலு துண்டு.
றெயில் நிண்டாப் பிறகு ஆருக்குத் தண்டவாளம்?
அதுக்கு மேல சிலிப்பர், அதுக்கு மேல மண்மூட்டை."

சொல்லி முடியவில்லை,
வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மணி ரயில் போனது.
கிடங்கின் சுவரிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.
மூன்று பேரும் அதைத்தான் பார்த்தோம்.

பருத்திச் சேலையில் தைத்த மூட்டைகள் உக்கிவிட்டன.
நைலெக்ஸ் உக்கவில்லை.
கடுகு மஞ்சளில் கறுப்புப் பூ,
மண்ணை இன்னும் விடாமல் பிடித்தபடி.
"என்ர சீலை," என்றா அக்கா.
தாங்கோ என்று கேட்கவில்லை.

நிசங்க என் ஆட்களிடம் மண்வெட்டியை வாங்கி
மிச்சத்தைக் கையால் வெட்டத் தொடங்கினார்.
மண்ணை விளிம்பிலே போடவில்லை,
ஒரு முழம் தள்ளி எறிந்து, தட்டி, அணை போல் அமர்த்தினார்.
குழாய்க்கு வெட்டுபவர்கள் அப்படிச் செய்வதில்லை.
நெஞ்சளவு ஆழம் வந்ததும்
தன்னையறியாமல் குனிந்து நின்றார்,
தலை வெளியே தெரியாதபடி.
பிறகு சிரித்தார்.
"எங்கட, இப்பிடி," என்று
காற்றில் ஒரு கோணல்மாணல் கோடு கீறிக் காட்டினார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.
எந்த வருடம் என்றும்.
இந்த ஒழுங்கைச் சனம்
எந்தப் பக்கத்துச் செல்லுக்கு ஓடியது என்று அவரும் கேட்கவில்லை.
ஃபிளாஸ்கில் தேத்தண்ணி இருந்தது.
இரண்டு மூடியிலும் ஊற்றினேன்.

பின்னேரம் அளவுப் புத்தகத்தை விரித்தேன்.
கல் வெட்டுக்கு அடிக்கு ஒரு விலை,
மண் வெட்டுக்கு அதில் காற்பங்கு.
பதினோரு அடிக்கு 'மண்' என்று எழுத வேண்டும்.
அங்கேயும் கல்தான் இருந்தது.
பகலில் பொம்மர் வரும் என்று
இரவில், சிமினி வெளிச்சத்தில்
அதை வெட்டி எடுத்தவர்களுக்குக் கூலி போட
இதில் நிரல் இல்லை.
பென்சிலை இரண்டு தரம் கூராக்கினேன்.
மண் என்றே எழுதினேன்.

மறுநாள் நீலக் குழாய் இறங்கியது.
தண்ணீரும் நேராகத்தான் போகும் என்றார் எஞ்சினியர்,
முடக்கு வைத்தால் அமுக்கம் குறையுமாம்.
'ட'வின் ஒரு கையை மூடிவிட்டோம்.
மற்றது திரும்பி
மதிலுக்குக் கீழே, வளவுக்குள் போகிறது.
அதை அளக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.