போன நேரம்

வெள்ளைக்காரர் வெயிலுக்கு முதுகைக் கொடுத்துக் கிடக்கிறார்கள்.
நிலாவெளியில் ஆடி மாதக் கடல்
அலுமினியத் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல்.
ரிசப்சனில் செவ்விளநீர் தந்தார்கள்.
தலைக்கு மேல் மின்விசிறி
மூன்று சுற்றுக்கு ஒருதரம் கிறீச்சிடுகிறது.

முகாமையாளர் சொல்கிறார்:
“பெடியன் சொல்லாமல் நிண்டிட்டான் மிஸ்.
கட்டாருக்குப் போயிருப்பான்.”
அவன் பாஸ்போர்ட்
சாம்பல்தீவில் அலுமாரிக்குள் இருக்கிறது என்று
நான் சொல்லவில்லை. இளநீரைக் குடித்தேன்.

சுகந்தரூபன். இருபத்தொன்பது. இராக் கணக்கெழுத்தர்.
சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்ததற்குக் கையொப்பம் உண்டு.
‘போன நேரம்’ என்ற கட்டம் வெறுமை.

“காணாமற் போனவர் எண்டு எழுதாதீங்கோ” என்றாள் நிரோசினி.
“அது வேற. அதுக்கு இந்த ஊரில கொட்டில் இருக்கு,
படங்கள் இருக்கு, பதினைஞ்சு வருசமா ஆக்கள் இருக்கினம்.
இவர் வேலைக்குப் போனவர்.”
பிறகு ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து வந்தாள்.
விடுதி வானில் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.
“கழுவித் தந்திருக்கினம் அக்கா.
ரூபன் ஒருநாளும் கழுவுறேல்ல.”

பொலிஸ் கொப்பியில்:
கடலில் குளிக்கச் சென்றவர்.
முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத மனிதன்
இரவு பன்னிரண்டு மணிக்குக் குளிக்கச் சென்றாராம்.

புறாத்தீவுக்கு ஆள் ஏற்றும் ஜவ்பர்
வலையைப் பார்த்தபடியே கதைத்தார்:
“எனக்கு ஒண்டும் தெரியா, யூடித் மிஸ்.
ஞாயித்துக்கிழமை சுபஹுக்குப் பொறகு வந்து பாத்தன்,
என்ட எஞ்சின் சூடா இருந்திச்சி.
அதை மட்டும் எழுதிப்போடாதீங்க.”

முகாமையாளர் தொலைபேசிக்கு எழும்பிப் போன இடைவெளியில்
வருகைப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு தாள் இல்லை.
கிழித்தவர் கவனமானவர்,
தையலோடு பிளேட் வைத்து எடுத்திருக்கிறார்.
ஆனால் ரூபன் பேனையை அழுத்தி எழுதுகிறவன்.
அடுத்த தாளில் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க
சாம்பலுக்குள்ளிருந்து வெள்ளையாய் எழும்பி வந்தது:

ஒன்பதாம் அறை. மூன்று பேர். பெயர் இல்லை.
11.52.
ஒரு வாகனத்தின் கடைசி நாலு இலக்கம்.
ஓரத்தில் அவசரமாய் ஒரு கைத்தொலைபேசி எண்.
அதை வாசித்து முடிக்கும் முன்னமே
என் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது.
என்னுடையது.

சனிக்கிழமை இரவு 11.58. 12.03. திரும்பவும் 12.03.
தெரியாத இலக்கம்.
லீசிங்காரன் இப்போது நடுச்சாமத்திலும் எடுக்கிறான் என்று
சத்தத்தை நிறுத்திவிட்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவள் நான்.

ஆசிரியருக்கு இதில் எதையும் இன்னும் அனுப்பவில்லை.
ஞாயிறு பத்திரிகையில் எனக்கென்று விட்டிருந்த அரைப் பக்கத்தில்
விடுதியின் விளம்பரம் வருகிறது:
சொர்க்கத்தில் இரண்டு இரவு, மூன்றாவது இலவசம்.

பொழுதுபட
டச்சு பே சுவரில் குந்தியிருந்து
அந்த இலக்கத்துக்கு எடுக்கிறேன்.
நாலு நாளாய் அணைந்து கிடந்தது.
பக்கத்தில் யாரோ இறால் வடை விற்கிறான்,
மான் ஒன்று கடதாசியைத் தின்கிறது.
இன்றைக்கு மணி அடிக்கிறது.

எடுத்துவிட்டார்கள்.
அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
மூச்சுக்கூட இல்லை, காற்று மட்டும்,
சுற்றுகிற காற்று.
ஒன்று.
இரண்டு.
மூன்று.

கிறீச்.