நிகர எடை

துறைமுகத்தில் மீன் நிறுப்பது என் வேலை.
காட், இறால், சில நாள் ஒரு படகின் மொத்தக் கோபம்,
எல்லாம் என் தராசில் ஏறி இறங்கிப் போகும்.
பெட்டியின் எடையைக் கழித்த பிறகுதான்
எதையும் எழுதுவேன்.

தோக்கா ஐந்து கிலோ இருந்தாள்,
சர்க்கரை நோய் வருமுன்.
தோக்கா என்றால் எங்கள் பேச்சில் மூடுபனி.
வந்ததும் அப்படித்தான்:
ஓர் அக்டோபர் விடியலில்
கயிற்றுச் சுருளுக்குள்ளிருந்து
சாம்பலாக எழுந்தாள்.

நாலு வருடம். காலை ஏழு, மாலை ஏழு.
கழுத்துக்குப் பின்னால் தோலை இரு விரலால் தூக்கி
இரண்டு யூனிட் இன்சுலின்.
கல்யாண விருந்துகளில் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன்.
"ஒரு பூனைக்காகவா?" என்றாள் அக்கா ஸ்வான்லாய்க்.
மணி ஏழாகிறது என்றேன்.
அதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இருக்கவில்லை.

எங்கள் ஊரைச் சுற்றி மலைகள்.
நவம்பர் கடைசியில் அவற்றின் முதுகுக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரி கடைசி வரை தெருவில் இறங்காது.
அந்தக் கிணற்றின் அடியில்,
டிசம்பர் பதினான்கு,
சலவை இயந்திரத்தின் வெதுவெதுப்பில் படுத்தபடி
மூச்சை நிறுத்தினாள்.
இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது.
அதனால் கொஞ்ச நேரம்
அவள் அசைகிறாள் என்றே நினைத்தேன்.

மண் இரும்பாகியிருந்தது.
கடப்பாறை ஒருமுறை கூவிவிட்டுத் திரும்பி வந்தது.
மீன் கிடங்கு மேலாளர் ஆர்ன்ஃபின்னூர்
கேள்வி கேட்காமல் ஒரு தெர்மோகோல் பெட்டி தந்தார்.
குளிர் அறையில் கடைசி அடுக்கை ஒழித்துக் கொடுத்தார்.
மூடியின்மேல் தடித்த மையால் எழுதினார்:
"விற்பனைக்கு அல்ல."
சிரித்துவிட்டேன். அவரும்.
பிறகு இருவரும்
இறால் விலையைப் பற்றிப் பேசினோம்,
தேவைக்கு அதிகமான நேரம்.

அடுக்கில் வைக்குமுன் தராசில் வைத்தேன்.
கைப்பழக்கம்.
மூன்று கிலோ நானூறு.
பெட்டியைக் கழித்தால் மூன்று நூறு.
சுற்றியிருந்த துண்டைக் கழித்தால் இரண்டு எழுநூறு.
அதற்குமேல் எதைக் கழிப்பது?
பதிவேட்டில்
படகின் பெயர் எழுதும் கட்டம்
வெறுமனே என்னைப் பார்த்தது.

மடியில் கனம் இருந்தவரை வழியில் பயமில்லை எனக்கு.
இப்போது கனமில்லை.
வீட்டுக்குப் போகும் வழிதான்,
அந்த இருநூறு அடிதான்,
பயமாக இருக்கிறது.

குளிர்பெட்டிக் கதவில், வெண்ணெய்க்குப் பக்கத்தில்,
பாதி மருந்துக் குப்பி.
ஒவ்வொரு முறை திறக்கும்போதும்
அதற்குத்தான் முதலில் விளக்கு எரிகிறது.
தூசி உறிஞ்சியின் பையை நான் கொட்டவில்லை.
உள்ளே எவ்வளவு முடி இருக்கும் என்று தெரியும்.
"வேறொன்று வாங்கிக்கொள், கொல்லன் வீட்டில் குட்டிகள் இருக்கின்றன"
என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள்.
அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று வைத்துவிட்டேன்.
அடுப்பு அணைந்துதான் இருந்தது.

சூரியன் திரும்பிய நாளில்
ஊர் முழுக்கப் பான்கேக் வாசனை.
என் சன்னல் விளிம்புக்கு வெயில் வந்தது, நாலே நிமிடம்.
அவளுடைய பழைய மெத்தையில்
ஒற்றை முடி எழுந்து நின்று எரிந்தது.
முந்தைய வருடங்களில்
இந்த வெயிலை நான் பார்த்ததேயில்லை.
அது நகர, அவள் நகர,
அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெயில் இவ்வளவு மெல்லியது என்று
யாரும் சொல்லவில்லை.

அலாரத்தை அணைக்கவில்லை.
மாலை ஏழுக்கு அடிக்கிறது, எழுகிறேன்,
கை தானாக குளிர்பெட்டிவரை போய் நிற்கிறது.
இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை
இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்தது,
எப்போதும் மறந்துபோகும்.
இப்போது அதைப் போட்டுக்கொள்கிறேன்.
கசப்பு. தண்ணீர். கொஞ்சம் நின்றுவிட்டு விளக்கை அணைக்கிறேன்.

மே மாதம் மண் இளகிவிடும் என்கிறார் ஆர்ன்ஃபின்னூர்.
அவசரமில்லை,
அடுக்கில் இடம் இருக்கிறது என்கிறார்.