மூன்று மணிக் கதவு

கதவின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.
கிரிம்ஸ்பியில், கடலுக்கு நாலு தெரு தள்ளி,
வடகாற்றை வெளியிலேயே நிறுத்திவைக்க
அது படும் பாடு எனக்குத் தெரியும்.

ஆனால் பிரிகேடியருக்கு வெளியே போகவேண்டும்.
போனபின் உள்ளே வரவேண்டும்.
வந்தபின், போனது சரிதானா என்று
இன்னொருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும்.
மதில்மேல் பூனையாவது
ஏதோ ஒரு பக்கம் குதித்துவிடும்.
இது வாசல்நடுப் பூனை.
முன்பாதி சமையலறையில், பின்பாதி மழையில்,
நடுவே, காசு கொடுத்து நாங்கள் சூடாக்கிய காற்று
தெருவைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.

இரவு மூன்று மணிக்குப் பிறாண்டும்.
தெல்மா எழுவாள்.
ஒன்பது வருஷம். காய்ச்சலில்கூட.
நாலாவது படி முனகும், தாழ்ப்பாள் இழுபடும்,
"வாங்க துரை, நனைஞ்சிட்டீங்களா" என்றொரு குரல்.
அந்தக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டு
நாளாகிவிட்டது.

அவளுடைய பிறந்தநாளுக்குப் பூனைக்கதவு வாங்கிவந்தேன்.
வெள்ளை பிளாஸ்டிக் சட்டம், புகைநிற மடல்,
நாலு நிலைத் திருகு:
வர மட்டும், போக மட்டும்,
இரண்டும், இரண்டும் இல்லை.
(எந்தக் குடித்தனத்துக்கும் இந்த நாலு போதும்.)

பூனையை அளக்கச் சொல்லியிருந்தது,
தரையிலிருந்து வயிறுவரை.
டேப்பை நீட்டினேன்.
அது எலி என்று பிரிகேடியர் முடிவு செய்தது.
மூன்றாம் முயற்சியில் பதினாலரை சென்டிமீட்டர்,
என் முழங்கையில் நாலு கோடு.

காகிதத்தை ஒட்டி, பென்சிலால் வரைந்து,
மூலைக்கொரு துளை போட்டு
ரம்பத்தை இறக்கினேன்.
கதவு அலறியது.
தெல்மா ரேடியோவைக் கூட்டிவைத்தாள்.
விழுந்த துண்டின் விளிம்பில்
வரிவரியாய் வண்ணம்:
எங்கள் நீலம்,
அதன்கீழ் நாங்கள் சண்டைபோட்டு வாங்கிய பச்சை,
முன்பிருந்த ஹார்கிரீவ்ஸ் வீட்டாரின் பழுப்பு,
அவர்களுக்கும் முன்னால் யாரோ
துணிந்து பூசிய ரோஜா,
பிறகு மரம்.

திருகாணிகள் நீளம்.
மறுபக்கம் எட்டிப் பார்த்தன; அரத்தால் தேய்த்தேன்.
சுற்றிலும் சிலிகான் பசை, என் புருவத்திலும்.
"இனி நீ தூங்கலாம்" என்றேன்.
"ம்" என்றாள்.

துரைக்குப் புரியவில்லை.
மத்திமீன் வைத்தேன். மடலைத் தூக்கிப் பிடித்தேன்.
கடைசியில் முட்டிபோட்டு
என் தலையையே நுழைத்துச் செய்துகாட்டினேன்.
வெளியே எதிர்வீட்டு ராட்னி, நாயோடு நின்றிருந்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.
"குளிருது இல்ல" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
இங்கே மரியாதை என்றால் அதுதான்.

பத்தாம் இரவு, டப்.
அவ்வளவுதான். பிறாண்டல் இல்லை.
இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்,
கையை நீட்டும்வரை.
படுக்கையில் அவள் பக்கம் ஆறிக்கிடந்தது.

கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள்,
விளக்குப் போடாமல்.
"வந்துடுச்சு" என்றாள்.
"என்னைப் பாத்துச்சு. தாண்டிப் போயிடுச்சு."
ஹீட்டருக்கடியில் துரை உறங்கிக்கொண்டிருந்தது.
படியில் இருவருக்கு இடமில்லை.
நான் டீ போட்டேன்.
கெட்டிலுக்கடியில் அந்தக் கதவுத் துண்டு,
சூடு தாங்குகிறது.

மறுநாளிலிருந்து
மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால்
நாலாவது படி முனகுகிறது.
திருகு திரும்பும் சத்தம், நாலாம் நிலைக்கு.
சற்றுப் பொறுத்துப் பிறாண்டல்.
தாழ்ப்பாள்.
"வாங்க துரை."

விடியுமுன் திருகைப் பழையபடி வைத்துவிடுகிறாள்.
நான் ஒன்றும் கேட்பதில்லை.
கீழ்மூலையில் பசை மட்டும் விட்டிருக்கிறது,
காற்று வருகிறது.
ஞாயிற்றுக்கிழமை பார்க்கவேண்டும்.