மாதிரி வீடு 14

கிண்ணியாப் பாலம் தாண்டி இறங்கி
புள்ளிவிபரத் திணைக்களத்தின் பையோடு நடக்கிறேன்.
இந்த வட்டாரத்தில் இருபது வீடு, கணினி தெரிந்தெடுத்தது.
ஏன் எங்கட வீடு என்று கேட்டால்
குலுக்கல் மாதிரி என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.
அப்ப பரிசு எங்க என்று
எல்லா வீட்டிலும் ஒருதரம் சிரிப்பார்கள்.
பதினாலாம் வீட்டு ஜெசீமா சிரிக்கவில்லை.
கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

சென்ற வாரம் பருப்பு: அரைக் கிலோ.
மா: ஒரு கிலோ.
குடாவுக்கு அந்தப் பக்கம் மா ஆலை.
இரவில் அதன் வெளிச்சம் இவள் முற்றம் வரை வரும்,
விலை கொழும்பு சுற்றி வரும்.
மீன்: "வாங்கல்ல. இவர் புடிச்சது."
அதற்கும் நிரல் இருக்கிறது.
சொந்த உற்பத்தியைச் சந்தை விலையில் மதிப்பிடுக.
ஆறு சூடை மீனுக்கு விலை போட்டேன்.
அந்த நிமிஷம் தேசிய வருமானம்
மயிரிழை உயர்ந்தது.
அவள் அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள்.

மண்ணெண்ணெய்:
எஞ்சின் கடலுக்கு நாலு நாள், கரையில் மூன்று நாள்.
சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் தன் யுத்தத்துக்குக் கட்டிய
எண்ணெய்த் தாங்கிகள் துருவேறி நிற்கின்றன.
யாருக்குக் குத்தகை என்று
நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே பேசினார்கள்.
பேச்சுவார்த்தை தொடர்கிறது.
தட்டுப்பாட்டு வருஷத்தில் இவள் புருஷன்
கலனோடு பதினொரு மணித்தியாலம் வரிசையில் நின்று
கலனோடு திரும்பி வந்தான்.

கடன் உண்டா?
"வாரக் கடனா, மாசக் கடனா, நகைக் கடனா?
எதக் கேக்கிறீங்க?"
மூன்றாம் கம்பனியில் எடுத்து
இரண்டாம் கம்பனிக்குக் கட்டிய மாதம்
வரவுப் பக்கம் கொழுத்திருக்கிறது.
நாடும் இப்படித்தானே என்று எழுத நினைத்தேன்.
அவதானிப்புகளுக்கு இரண்டே வரி விட்டிருந்தார்கள்.
நினைத்ததோடு சரி.

முன்னைய தொழில்?
"பாதத் துறையில வடக் கட."

பாதை என்றால் இங்கே தெரு இல்லை.
வாகனங்களை ஏற்றி மிதந்துபோகும் இரும்புத் தட்டு.
வாகனம் காத்து நிற்கும்.
காத்து நிற்பவனுக்குப் பசிக்கும்.
அவள் இறால் வடை அதை நம்பிப் பொரிந்தது.
பாலம் திறந்தார்கள், நாடா வெட்டினார்கள்,
அன்று பின்னேரமே எண்ணெய்ச் சட்டி ஆறிப்போயிற்று.

இங்கே என் பேனா நின்றது.
பாலம்தான் குற்றவாளி என்று
ஒரு கவிதை எனக்குள் கிளம்பிவிட்டது.
அவள் விடவில்லை.

"மூத்தவள் பாதைக்குப் பாத்து நிண்டு நிண்டு
பாதையிலயே பொறந்தாள், தங்கச்சி.
தண்ணிக்கு நடுவுல. மருத்துவிச்சியும் இல்ல.
இளையவன் வயித்துக்குள்ள குறுக்கால கெடந்தான்.
பாலத்தால அரை மணித்தியாலம், பெரியாஸ்பத்திரி.
இப்ப பந்தடிக்கப் போயிருக்கான்.
பாலம் நல்லம்.
வடைக்கு ஆள் வேணும்.
ரெண்டையும் எழுதுங்க."

ரெண்டையும் எழுதும் கட்டத்தைத் தேடினேன்.
ஆம், இல்லை, பொருந்தாது.

கடைசிக்கு முந்திய கேள்வி:
கடந்த ஏழு நாளில் காசில்லாமல்
ஒரு நேரச் சாப்பாட்டையாவது விட்டீர்களா?
"இல்ல."
கேள்வி முடியுமுன்னே வந்த இல்லை.
பிறகு, "நீங்க?"

ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி.
இரண்டு மாதமாக வந்து சேரவில்லை.
நான் மாதிரிக்குள் வரமாட்டேன் என்றேன்.
"அப்ப உங்கள ஆரு எழுதுற?"
என்று கேட்டுக்கொண்டே தேத்தண்ணி கொண்டுவந்தாள்.
சீனி இரண்டு கரண்டி, குறையாமல்.
விருந்தினருக்கு வழங்கியது என்றும் ஒரு நிரல் உண்டு.
குடித்து முடித்தேன்.
நிரப்பவில்லை.

திரும்பும்போது பஸ்
பழைய துறையடியைக் கடந்தது.
அங்கே யாரோ ஒருத்தி
குடையின் கீழ் கச்சான் விற்றாள்.
பஸ் நிற்கவில்லை.
நானும் மணி அடிக்கவில்லை.