விலைப்புள்ளி

கோயம்புத்தூர்க்காரர் விரித்த வழவழத் தாளில்
உலை ஒன்று கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றது.
"எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதுங்க மேடம்."

கோணம் தொழிற்பேட்டை, டெல்பின் வார்ப்பகம்.
தேநீரை அவர் பக்கம் தள்ளிவிட்டு
என் உலோகங்களை அறிமுகம் செய்தேன்.

இது அலுமினியம். குலசேகரத்துக்காரர்கள்
ரப்பர் பால் உறைய வைக்கும் தட்டுக்கு.
அறுநூற்று அறுபதில் இளகிவிடும்,
இளகியதும் ஊரின் ஈரத்தையெல்லாம் குடிக்கும்.
ஆனிச் சாரலில் ஊற்றினால்
தட்டு முழுக்க ஊசித்துளை.

இது வார்ப்பிரும்பு, ஷீட் அடிக்கும் ரோலருக்கு.
ஆயிரத்து நானூறு கேட்கும். குறைந்தால்
அச்சில் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொள்ளும்,
விருந்துக்கு வந்த மருமகன்.

இது வெண்கலம்.

குளச்சல் சூசைநாயகத்தின் விசைப்படகு
முப்பது கடல்மைல் வெளியே நின்றுபோனது.
புரொப்பெல்லரில் ஓர் இதழ் இல்லை.
முறிந்த இடத்தில் என் சுண்டுவிரல் நுழைகிற பொத்தல்.
பர்னர் புகைந்த அன்று, தேதி நெருங்குகிறதென்று,
நான்தான் ஊற்றச் சொன்னேன்.
ஒன்பது பேர், இரண்டு இரவு,
மீனுக்கு வைத்த ஐஸ் உருகிய தண்ணீர்.
அவர் சண்டைக்கு வரவில்லை.
மிச்சத் துண்டை மேசையில் வைத்தார்,
அடுத்ததற்கு முன்பணமும் வைத்தார்.

உங்கள் தாள் பறக்காமல்
பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

கோயம்புத்தூர்க்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

இனி நான் கேட்கிறேன்.
வெண்கலம் கொதித்த மூசையில் அலுமினியம் போட்டால்
செம்பின் எச்சில் ஒட்டாதா?
காற்றடித்து கரண்ட் போன நேரம்
உள்ளே உறைந்த இரும்பைச் சுரண்டுவது யார்?
நூறு கிலோவாட் இணைப்புக்கு
மின்வாரியத்தில் நான் எத்தனை மாதம் நிற்க வேண்டும்?

வெகுநேரம் பேனா திறக்கவில்லை.
பிறகு எழுதினார், நான் சொல்லச் சொல்ல:
மின்தூண்டல் உலை, சின்னது, மூசை மாற்றும் வகை.
இரும்புக்கு ஒன்று, வெண்கலத்துக்கு ஒன்று,
மேலே பெயிண்டில் பெயர்.
ஜெனரேட்டரோடு சேர்த்து விலை.
அலுமினியம் பழைய எண்ணெய் உலையிலேயே இருக்கட்டும்,
பர்னரை மட்டும் மாற்றுங்கள்.
பர்னரை முதலில் மாற்றுங்கள்.

மூலையில் வலைக்குண்டுகளைப் பார்த்துவிட்டு
"ஈயம் எதுலங்க உருக்கறீங்க?" என்றார்.
இரும்புச் சட்டி, ரப்பர் விறகு.
அதற்கெல்லாம் உங்களிடம் தாள் கிடையாது.

சிரித்தார். தாள்களை எடுக்க
வெண்கலத் துண்டை நகர்த்தப் பார்த்தார்.
இரண்டு கையும் வேண்டியிருந்தது.