தண்ணீர் விடாத கிண்ணம்

எழுபத்தொன்றாம் நாள்
ஒன்று இரண்டாகியிருந்தது.

நுண்நோக்கியிலிருந்து கண்ணை எடுத்து
துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.
இரண்டுதான்.
கத்தவேண்டும் போலிருந்தது.
வல்லம் சாலையில் ஞாயிற்றுக்கிழமை,
மாடி முழுக்க யாருமில்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வந்த சகாயராஜிடம் மட்டும்
"முழிச்சிருச்சு" என்றேன்.
"யாரு மேடம்?" என்றார்.

அம்சவல்லியினுடையது.
மன்னார்குடிக்குக் கிழக்கே
வாய்க்கால் தீர்ந்துபோகிற இடத்தில் ஊர்.
இடது மார்பை எடுத்து ஆறு வருஷம்.
ஈஸ்ட்ரோஜனை மறிக்கிற மாத்திரை
தினம் ஒன்று, ராச்சோற்றுக்குப் பின்.
இடுப்பெலும்பில் ஊசி இறக்க வேண்டும்,
மூன்று மில்லி மஜ்ஜை என்று கேட்டபோது
"இதுல எனக்கு என்ன மேடம்?" என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
படிவத்தின் நாலு பக்கத்தையும் விட்டுவிட்டு
அந்த ஒரு சொல்லை நம்பிக்
கையெழுத்துப் போட்டாள்,
பெயரில் ஒரு 'ல்' கூடுதலாக.

முன்பு நான் செய்தது வேறு வேலை.
வேலூரில் பதினோரு வருஷம்,
குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் மாற்று.
தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு பை.
நரம்பில் விட்டால் போதும்,
யாரும் வழி சொல்லாமல்
எலும்பைத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும்.
பதினைந்தாம் நாள், இருபதாம் நாள்
வெள்ளணு ஐந்நூறைத் தாண்டினால்
பச்சை பிடித்துவிட்டது என்போம்.
நடவு வயலின் சொல்.
வார்டுக்குள் யார் கொண்டுவந்தார்களோ.

வழி தெரிந்தது அதற்கு மட்டுமில்லை.
மார்பிலிருந்து கிளம்பிய ஒன்றும்
அதே வழியில் போய்
அதே எலும்பில், ஸ்டெம் செல்லின் பாயிலேயே
ஒண்டிப் படுத்துக்கொள்கிறது.
ஆறு வருஷம். பத்து வருஷம்.
கோடையில் வெடித்த வயலுக்கு அடியில்
கோரைக்கிழங்கு கிடக்கிற மாதிரி.
ஹார்மோன்தான் தண்ணீர்,
மாத்திரை மதகை இறக்கிவைக்கிறது,
இப்படித்தான் மாணவர்களுக்கு வரைந்து காட்டுவேன்.
வரைவது சுலபம்.
மதகை இறக்கினால் பயிரும்தானே காய்கிறது.
அம்சவல்லிக்கு முழங்கால் பிடிப்பு,
நடுராத்திரி வேர்வை.
எனக்கும் அதே வேர்வைதான்,
மாத்திரையில்லாமல், ஐம்பத்திரண்டு வயதில்.
மைனஸ் எண்பது பெட்டியைத் திறந்தால்
தேவைக்குமேல் ஒரு நிமிஷம் நிற்கிறேன்.

இரண்டு கிண்ணம் வைத்திருந்தேன்.
அடியில் மஜ்ஜை செல்களால் ஒரு மெத்தை,
மேலே தூங்குகிறவை.
ஒன்றில் ஹார்மோன் விட்டேன்.
ஒன்றில் விடவில்லை.

லேபிளைத் திருப்பிப் பார்த்தேன்.
விடாத கிண்ணம்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.
சற்றுமுன் எனக்கு வந்தது சந்தோஷம்
என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாயிருந்தது.

ஆய்வில் கண்டதை அவளிடம் சொல்ல விதியில்லை.
பரிசோதனைக்கு எப்போது வருகிறாள்
என்று கேட்கலாம். போன் செய்தேன்.
தண்ணீர் வந்ததா என்றும் கேட்டேன்,
வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது.

"ஆத்துல விட்டு இருவது நாளாச்சு,
எங்களுக்கு இன்னும் எட்டிப்பாக்கல.
ஆனா நாத்து விட்டாச்சு மேடம், ஒரு சாண் நிக்குது."
தண்ணியில்லாமலா?
"போர் இருக்கே. கீழேருந்து வருது."

கீழேருந்து.

மேலே எதை விட்டேன், எதை விடவில்லை
என்று எழுபத்தொரு நாளும் எழுதிவைத்திருக்கிறேன்,
நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு.
அந்த மெத்தையை
ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"
செவ்வாய்க்கிழமையே வாங்க என்றேன்.
"நாத்துப்பறி இருக்கு. வியாழன் வரேனே."
அப்போது பார்த்து சகாயராஜ்
ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தார்.
நான் சரி என்றேனா
இல்லை என்றேனா,
எனக்கே கேட்கவில்லை.